பங்குத்தந்தையின் சுமையைக் குறைக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கத்தோலிக்கப் பங்குக்கு (ஓர் ஆலயமும் அதன் மக்களும்) பொறுப்பான குருதான் பங்குத்தந்தை. ஞாயிறு திருப்பலி (பூசை) முடிந்து திருவுடையைக்கூடக் கழற்றாத அவரிடம், "ஃபாதர், ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்பது நல்லெண்ணத்தில்தான். ஆனால் என்ன வேலையை, யாரிடம், எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கும் பொறுப்பையும் அந்தக் கேள்வி அவர் தலையிலேயே வைத்துவிடுவதால், "ஒன்றுமில்லை, பரவாயில்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். மாறாக, திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழ் கேட்டு வருபவர்களின் விவரங்களைப் பதிவேட்டில் தேடி, படிவத்தை நிரப்பி, கையொப்பத்துக்கு ஆயத்தமாக வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டால், அவர் "சரி" என்று சொன்னால் போதும். ஏற்றுக்கொண்ட பிறகு, படிவத்தை எந்த மேசையில் வைப்பது என்பது வரை அவரைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை குறைந்ததாகாது.

நிதிக்குழுவைப் பெயருக்கு வைத்திருப்பது இன்னொரு தவறு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 537) ஒவ்வொரு பங்கிலும் அக்குழு இருக்க வேண்டும் என்கிறது. ஆண்டுக்கொரு முறை கூடிக் கணக்கைப் படித்துக் கலைந்தால், கூரை ஒழுகினாலும் மின்கட்டணம் கட்டுவதானாலும் குரு ஒருவரே அலைய நேரிடும். இதற்கு நேர்மாறாக, பங்கு மக்கள் இடம்பெறும் பங்குப்பேரவையின் பணி ஆலோசனை கூறுவதே (எண் 536) என்பதை மறந்து அவருக்கு ஆணையிடுகிறவர்களும் உண்டு. அவர்களால் கூடும் மனச்சுமை எந்தக் கணக்கிலும் வராது.

நோயாளிகள் விஷயத்தில்தான் நம் பிடிவாதம் அவரை அதிகம் வாட்டுகிறது. நோயாளிக்கு எண்ணெய் பூசும் நோயில்பூசுதலையும், பாவமன்னிப்பு வழங்கும் ஒப்புரவையும் குருவானவர் மட்டுமே நிறைவேற்ற முடியும். ஆனால் வீட்டிலிருக்கும் நோயாளிக்கு நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) கொண்டுசெல்ல, தேவைக்கேற்ப நியமிக்கப்பட்ட, குருவல்லாத பொதுநிலையினருக்கும் அனுமதி உண்டு. அப்படி நியமிக்கப்பட்டவர் வாசலுக்கு வந்து நிற்கும்போது "சாமியார் கையால்தான் வாங்குவோம்" என்று திருப்பி அனுப்பும் குடும்பம், குருவானவரின் ஒரு மாலை நேரத்தை, பக்தியின் பெயராலேயே எடுத்துக்கொள்கிறது.

அவருடைய ஓய்வைக் குறையாகப் பேசுவதும் தவறு. அதே சட்டத் தொகுப்பின் எண் 533 பங்குத்தந்தைக்கு ஆண்டுதோறும் ஒரு மாதம் வரை விடுமுறையை அனுமதிக்கிறது. எண் 905, ஒரு நாளைக்கு ஒரு திருப்பலி என்பதைப் பொது விதியாக வைத்து, குருக்கள் பற்றாக்குறை உள்ள இடங்களில் ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு இரண்டும், மேய்ப்புப்பணித் தேவை இருந்தால் ஞாயிறுகளிலும், திருப்பலியில் கட்டாயம் பங்கேற்க வேண்டிய கடன் திருநாள்களிலும் மூன்றும் நிறைவேற்ற இடமளிக்கிறது. அந்த மூன்றையும் முடித்தவரிடம், வசதிக்காக நான்காவதைக் கேட்பது முறையல்ல. அவர் விடுப்பில் இருக்கும்போது சாகும் தறுவாயில் உள்ளவருக்கு எந்தக் குருவை அழைப்பது என்பதை முன்கூட்டியே பேசி, அந்தத் தொலைபேசி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டால், அவரும் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்கலாம்.

அவர் உடலோ மனமோ தளர்வதாகத் தெரிந்தால், ஆயருக்குக் கூட்டாகக் கையெழுத்திட்டு மனு அனுப்புவதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். எவ்வளவு அன்போடு எழுதினாலும் அவர் கண்ணுக்கு அது புகார்க் கடிதமாகவே படும். அவர் நம்பும் ஒருவர் தனியே பேசி, மருத்துவரைப் பார்க்கவும், உதவிக் குரு வேண்டுமென்று அவரே ஆயரிடம் கேட்கவும் தூண்டட்டும்.