முதல் நெடுந்தூர ரயில் பயணம்: சென்னை–கொல்கத்தா பாதையை வைத்து ஒரு செய்முறை

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம் போதும். ரயிலில் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் முழுசாகப் போய்விடும், அதற்கு மேலும் கொஞ்சம் ஆகும். "அவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்து என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் விமானத்திலேயே போகட்டும். ஒரு தடவை போய்த்தான் பார்ப்போமே என்று ஆசை இருந்தும், எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு இது.

மதுரைக்கோ கோவைக்கோ ராத்திரி ஏறிக் காலையில் இறங்கிய பழக்கம் நம்மில் எல்லாருக்கும் உண்டு. முழுப் பகலையும் வண்டியிலேயே கழிப்பது வேறு சங்கதி. அதில் இரண்டு கேள்விகள்தான் பெரியவை. வெளிச்சம் இருக்கும்போது வண்டி எந்த ஊரைத் தாண்டிக்கொண்டிருக்கும்? இருட்டிய பிறகு நாம் எந்தப் படுக்கையில் இருப்போம்? டிக்கெட் எடுக்கும்போதே இந்த இரண்டும் முடிவாகிவிடுகின்றன. அதனால் இந்தக் குறிப்பில் பாதி, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் செய்யவேண்டியதுதான்.

படி 1: வண்டியைப் பகல் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எது சீக்கிரம் போய்ச் சேரும் என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். முதல் பயணத்துக்கு அப்படிப் பார்க்காதீர்கள். வண்டியின் கால அட்டவணையைத் திறந்து, காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை வரும் நிலையங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் அந்தத் தாளில் இருப்பதுதான். மிச்சமெல்லாம் தூக்கம்.

இந்தப் பாதையில் பகலில் பார்க்கவேண்டியவை என்று நான் சொல்வது நான்கு. விஜயவாடா நிலையத்துக்குச் சற்று முன்னால் வரும் கிருஷ்ணா பாலம்; சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இடப்பக்கம் பிரகாசம் அணை தெரியும். அடுத்து, ராஜமுந்திரிக்கு முன்னால் கோதாவரி. அப்புறம் ஒடிசாவில் சிலிகா ஏரி. கடைசியாகக் கட்டக் பக்கத்து மகாநதி.

நான்கில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கோதாவரிதான். முன்பு வண்டிகள் போன பழைய ஹேவ்லாக் பாலம் 1900-இல் திறக்கப்பட்டு 1997-இல் ஓய்வு பெற்றது. அதன் தூண்கள் இன்னமும் ஆற்றில் நிற்கின்றன. இப்போது பக்கத்திலேயே வில் வில்லாக வளைந்த புதுப் பாலம் இருக்கிறது. பாலத்தைக் கடக்க நல்ல நேரம் ஆகும். ஆற்றுக்கு இக்கரையில் இருக்கும் கொவ்வூர் தாண்டியதும் பெட்டியில் பேச்சு குறைந்து, ஆட்கள் ஜன்னல் பக்கம் நகர்வார்கள், சிலர் சில்லறையைத் தேடுவார்கள். ஆற்றில் காசு போட்டுக் கும்பிடுவது அங்கே வழக்கம். கம்பியில் பட்டுத் திரும்பி வரும் காசு முகத்தில் அடிக்கும், பார்த்து உட்காருங்கள்.

சென்னையிலிருந்து காலையில் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் போனால் கிருஷ்ணாவும் கோதாவரியும் வெளிச்சத்தில் கிடைத்துவிடும். சிலிகா நடு ராத்திரியில் போய்விடும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். திரும்பி வரும்போது, ஹவுராவில் ராத்திரி கிளம்பும் சென்னை மெயிலைப் பிடித்தால் சிலிகாவைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம். போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்று பிரித்துக்கொள்வது இதற்காகத்தான். நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு இருக்கும் அட்டவணையைத்தான் நம்பவேண்டும்.

இன்னொன்று. விசாகப்பட்டினத்தில் (பழைய ஆட்கள் வால்டேர் என்பார்கள்) வண்டி வந்த பக்கமே திரும்பிப் போகும். என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னோக்கி உட்கார்ந்திருந்தவர் அதற்குப் பிறகு பின்னோக்கிப் போவார். இதைவிட முக்கியம், பெட்டியின் எந்தப் பக்கம் கிழக்கே இருந்ததோ அது மேற்கே போய்விடும். சிலிகா பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. கடல் பக்கம் ஜன்னல் கிடைத்துவிட்டது என்று சென்னையில் சந்தோஷப்பட்டவர் ஒடிசாவில் எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எந்த மாதம் போகலாம்? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சுகம். அக்டோபர், நவம்பரில் ஆந்திர, ஒடிசாக் கரையில் புயல் வந்தால் வண்டிகளை ரத்து செய்வார்கள். மே மாதம் சாதாரண ஸ்லீப்பரில் போவதாக இருந்தால், உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

படி 2: டிக்கெட்

முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். முன்பு 120 நாட்களாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். ஐஆர்சிடிசி தளத்திலோ ரயில்ஒன் செயலியிலோ எடுக்கலாம். கணக்கு தொடங்குவது, ஆதாரை இணைப்பது எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்துவையுங்கள். எட்டு மணிக்குக் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும்.

முதல் நாளே எடுக்கவேண்டும் என்று இல்லை. ஆனால் பூஜை விடுமுறை, பொங்கல் மாதிரி சமயங்களில் தள்ளிப்போடாதீர்கள். துர்கா பூஜைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் வங்காளிகள் எல்லாரும் ஊருக்குப் போவார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு மாதிரிதான் அந்த வாரம் இந்தப் பாதை.

வெயிட்டிங் லிஸ்ட் வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் முன்னால் இருக்கும் எழுத்துகளையும் பாருங்கள். ஜிஎன்டபிள்யூஎல் என்றால் பொதுப் பட்டியல், உறுதியாகும் வாய்ப்பு மற்றதைவிட நல்லது. பிக்யூடபிள்யூஎல் என்றால் நடுவில் ஏறி இறங்குபவர்களுக்கான சின்ன ஒதுக்கீடு, நகர்வது மெதுவாக இருக்கும். ஆர்ஏசி கிடைத்தால் வண்டியில் ஏறலாம். ஆனால் ஒரு சைட் லோயரை (நடைபாதையை ஒட்டிய கீழ்ப் படுக்கை) இரண்டு பேர் பங்கு போட்டு உட்காரவேண்டும். ஓர் இரவுக்குச் சமாளிக்கலாம். முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சார்ட் (வண்டி கிளம்புமுன் போடும் கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருக்கும் இணையவழி டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ஏறக்கூடாது.

தட்கல் என்னும் கடைசி நேர முன்பதிவு முந்தின நாள் திறக்கும்: ஏசிக்குக் காலை பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் வராது. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குத் தட்கல் எதற்கு? தேதியை இரண்டு நாள் தள்ளிவையுங்கள்.

படி 3: எந்த வகுப்பு, எந்தப் படுக்கை

ஸ்லீப்பரா, தேர்ட் ஏசியா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. தேர்ட் ஏசியில் போர்வை, தலையணை, விரிப்பு தருவார்கள். தூசி கிடையாது, கூட்டம் கிடையாது. ஆனால் ஜன்னல் திறக்காது, கண்ணாடியும் பல சமயம் மங்கலாக இருக்கும். கோதாவரிக் காற்று முகத்தில் படவேண்டும் என்றால் ஸ்லீப்பர்தான். குளிர்காலத்தில் போக ஸ்லீப்பர், வர தேர்ட் ஏசி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பழகிவிடும். வயதானவர்கள் கூட வந்தால் இந்த வாதமே வேண்டாம், ஏசி எடுத்துவிடுங்கள்.

படுக்கை எண்ணை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எட்டு எட்டாகப் பிரித்திருப்பார்கள். எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் லோயர், 2 அல்லது 5 மிடில், 3 அல்லது 6 அப்பர், 7 சைட் லோயர், மீதி இல்லாமல் வகுபட்டால் சைட் அப்பர். எல்எச்பி என்னும் புது ரக ஸ்லீப்பர் பெட்டியில் மொத்தம் 80. முதல் எட்டும் கடைசி எட்டும் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும். எண்ணை நாம் கேட்டு வாங்க முடியாது, விருப்பத்தை மட்டும் குறிப்பிடலாம்.

என் விருப்பம் சைட் லோயர். பகலில் எதிரெதிராக இரண்டு இருக்கை, நமக்கென்று ஒரு ஜன்னல், கால் நீட்டிக்கொள்ளலாம். இரவில் அதுவே கொஞ்சம் குட்டையான படுக்கை. நடந்து போகிறவர்களின் பை தோளில் இடிக்கும். உயரமானவர்களுக்குச் சைட் ஒத்துவராது, கால் முட்டும். பகலில் தூங்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அப்பர்; யாரும் எழுப்ப மாட்டார்கள். மிடில் யாருக்கும் பிடிக்காது, அதற்கு நியாயமும் இருக்கிறது.

படி 4: பை

ஒரே பை. இருக்கைக்கு அடியில் போகிற அளவு. அடியில் இருக்கும் கம்பி வளையத்தில் மாட்ட ஒரு சங்கிலியும் பூட்டும் நிலையத்திலேயே விற்பார்கள். ஸ்லீப்பர் என்றால் ஒரு விரிப்பு, ஒரு சால்வை. கழற்றி மாட்ட லகுவாக ரப்பர் செருப்பு. சோப்புக் காகிதம், ஒரு சின்னத் துண்டு, மருந்து. அசல் அடையாள அட்டை ஒன்று. இவ்வளவுதான்.

படி 5: சாப்பாடு

முதல் வேளைக்கும் இரண்டாம் வேளைக்கும் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை மிஞ்ச ரயில் சாப்பாடு இன்னும் பிறக்கவில்லை. புளியோதரை, சப்பாத்தி தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தயிர் சாதமும் ஆந்திர வெயிலில் மதியத்துக்கு மேல் நம்பத்தக்கவை அல்ல.

அதற்குப் பிறகு ஊர் ஊராக வாங்கிச் சாப்பிடுங்கள். ஸ்ரீகாகுளம் தாண்டிப் பலாசாவில் முந்திரிப் பொட்டலம் விற்க வருவார்கள். அந்த ஊரே முந்திரிக்குப் பேர்போனது. பேரம் பேசலாம், ஆனால் மேல் அடுக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வங்காளத்துக்குள் நுழைந்ததும் ஜால்முரி வந்துவிடும்: பொரியில் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கடலை, மேலே ஒரு கீற்றுத் தேங்காய். கடுகெண்ணெய் வாடை முதலில் பிடிக்காது. இரண்டாவது பிடியில் பழகிவிடும். தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

படி 6: உள்ளே

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை தூங்கும் நேரம். அதற்கு வெளியே லோயர் படுக்கை எல்லாரும் உட்காரும் இருக்கைதான். மிடில்காரர் எட்டு மணிக்கே படுக்கையைத் தூக்கி மாட்டப் பார்த்தால், "பத்து மணிக்கு மேல போட்டுக்கலாம் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். பெரியவராக இருந்தால் விட்டுக்கொடுங்கள்.

மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்த வண்டியில் தமிழ் தெரிந்த ஒடியாக்காரரும் வங்காளியும் நிச்சயம் இருப்பார்கள்; சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்த்தவர்கள். இன்னொரு கூட்டம், வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்கு வந்து திரும்பும் வங்காளக் குடும்பங்கள். வேலூர் என்ற பேரை எடுத்தால் போதும், எந்த டாக்டர், எந்த லாட்ஜ், எந்த மெஸ்ஸில் மீன் கிடைக்கும் என்று அரை மணி நேரம் ஓடிவிடும். கேளுங்கள், நன்றாக இருக்கும். அவர்கள் பிரித்துச் சாப்பிடும் வீட்டுச் சாப்பாட்டில் பங்கு கொடுத்தால் வாங்கிக்கொள்வதா என்பது உங்கள் கணிப்பு. முன்பின் தெரியாதவர் தனியாக உங்களுக்கு மட்டும் நீட்டும் பிஸ்கெட்டும் டீயும் வேண்டாம்.

வண்டி மெதுவாக நகரும்போது ஜன்னலோரம் கைபேசியை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், பறித்துப் போவதற்கு அதுதான் தோதான நேரம். வாசலில் கால் தொங்கவிட்டு உட்காருவது படத்தில் பார்க்க அழகு, அவ்வளவுதான். ஏதாவது தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண் 139.

காலையில் ஐந்தரைக்கே எழுந்து கழிப்பறை வேலைகளை முடித்துவிடுங்கள். ஆறரைக்கு வரிசை நிற்கும், தண்ணீர் தீர்ந்தாலும் தீரும்.

படி 7: இறங்குவது

கோரமண்டல் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, பக்கத்தில் இருக்கும் ஷாலிமாரில் நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்குள் போக வாடகைக்கார்தான் வசதி. மெயிலில் போனால் ஹவுராவிலேயே இறங்கலாம். வெளியே வந்ததும் எதிரில் ஹூக்ளி, இடப்பக்கம் 1943-இல் திறந்த ஹவுரா பாலம். மஞ்சள் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பை கனமாக இருந்தால் ப்ரீபெய்டு வரிசைக்குப் போங்கள். அவசரம் என்றால் ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ இருக்கிறது, 2024 மார்ச்சில் தொடங்கியது. ஒற்றைப் பையோடு வந்தவர்கள் எதிரிலேயே இருக்கும் படித்துறைக்கு நடந்து படகில் அக்கரைக்குப் போகலாம். சில ரூபாய்தான், ஊருக்குள் நுழைய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வண்டி தாமதமாகும் என்றே கணக்குப் போடுங்கள். அன்றைக்கே டார்ஜிலிங்குக்கு இன்னொரு வண்டி என்று நெருக்கமாகப் பதிவு செய்யாமல், நடுவில் ஓர் இரவை விடுங்கள். லாட்ஜில் அறை கொடுக்க நேரமானால் நிலையத்துக் கிளோக் ரூமில் பையை வைக்கலாம். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், அந்தச் சங்கிலிப் பூட்டின் சாவி எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.