வேதபாடக் குழுவில் பவுலையும் யாக்கோபையும் சேர்த்து வாசிப்பது எப்படி?

விசுவாசத்தையும் நற்கிரியைகளையும் பற்றிய வேதபாடம் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கிறது. ஒருவர் பவுலின் நிருபமாகிய ரோமர் 3:28-ஐ வாசித்து, மனிதன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்பார். உடனே இன்னொருவர் யாக்கோபு 2:24-ஐத் திருப்பி, விசுவாசத்தினால் மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்று எழுதியிருக்கிறதே என்பார். நடத்துகிறவர், பவுல் வேரைச் சொல்கிறார், யாக்கோபு கனியைச் சொல்கிறார் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு ஜெபத்துக்குப் போய்விடுவார். அந்தப் பதில் தவறானதல்ல. ஆனால் கேள்வி முழுமையாக எழும்புவதற்கு முன்பே அது சொல்லப்படுவதால், யாக்கோபின் வாயை அடைப்பதற்கே பெரும்பாலும் பயன்படுகிறது. இரு நிருபங்களின் கூர்மையும் மழுங்காதபடி, வாரம் ஒரு மணி நேரமாக நான்கு வாரங்களில் ஒரு வீட்டுக்கூட்டமோ வாலிபர் குழுவோ இப்பகுதிகளை வாசிப்பதற்கான ஒரு வழியை இங்கே எழுதுகிறேன்.

சொற்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

முதல் கூட்டத்துக்கு வருகிறவர்களிடம் பழைய திருப்புதல் என்னும் பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பையும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டையும் அருகருகே வைக்காமல் தொடங்கினால் பாதி நேரம் வீண் வாக்குவாதத்தில் போய்விடும். முதலாம் கொரிந்தியர் 13:13-ஐ இரண்டிலும் வாசித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒன்றில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்றும் மற்றதில் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்றும் இருப்பதால், "நம்பிக்கை" என்ற ஒரே சொல் ஒரு பிரதியில் ஒன்றையும் மறுபிரதியில் வேறொன்றையும் குறிக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து அமரும் குழுவில் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"கிரியை" என்ற சொல்லுக்கு இன்னும் சற்று நேரம் கொடுக்கலாம். ஆலயத்துக்கு வெளியே நாம் இந்தச் சொல்லைக் கேட்பது இறுதிக்கிரியையில்தான். சைவ மரபில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையிலும் அது சடங்குசார்ந்த வழிபாட்டையே குறிக்கிறது. மூலத்தில் உள்ள "எர்கா" என்ற கிரேக்கச் சொல்லுக்குச் செயல்கள், வேலைகள் என்ற பொதுவான பொருளே உண்டு. ஆகவே தமிழ்ச் சொல்லின் சடங்கு வாசனை கலாத்தியருக்குத் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது, யாக்கோபுக்கோ பொருந்துவதில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதை அன்றாடத் தமிழில் யாரும் கிரியை என்று சொல்வதில்லை. யாக்கோபை வாசிக்கும்போது மட்டும் "செயல்கள்" என்ற திருவிவிலியச் சொல்லை வைத்துக்கொள்ளும்படி குழுவுக்குச் சொன்னால், வசனம் சட்டென்று உறைக்கும்.

"நீதிமானாக்கப்படுதல்" என்பதையும் ஒரு நிமிடம் பாருங்கள். அதற்கு மூலமான கிரேக்க வினை, ஒருவரை நீதியுள்ளவர் என்று தீர்ப்பளிப்பதையும் குறிக்கும், நீதியுள்ளவராகத் தெரியப்படுத்துவதையும் குறிக்கும். லூக்கா 7:35-இல் ஞானத்தைப் பற்றி அதே வினை வரும்போது, பழைய திருப்புதல் "நீதியுள்ளதென்று ஒப்புக்கொள்ளப்படும்" என்று மொழிபெயர்த்திருக்கிறது. இதைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு மேலே செல்லுங்கள். மூன்றாம் வாரத்தில் தேவைப்படும்.

யாரிடம் பேசுகிறார்கள்?

இரண்டாம் வாரத்தை ரோமரிலிருந்து தொடங்காமல், கலாத்தியர் 2:11–16-இலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே விசுவாசமும் கிரியையும் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் மோதுகின்றன. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அப்படி வந்தவர்கள் "யாக்கோபினிடத்திலிருந்து" வந்தவர்கள் என்று பவுலே எழுதியிருப்பதை வாசகர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கட்டும். யாக்கோபின் நிருபத்தை எழுதியவராகச் சபை மரபு சொல்லும் அதே யாக்கோபுதான் அவர் என்பதால், அறையில் சற்று அமைதி நிலவும். பவுல் அங்கே மறுக்கும் கிரியைகள் எவை? விருத்தசேதனம், உணவு விதிகள் முதலிய, யூதனையும் புறஜாதியானையும் பிரித்து நிறுத்தும் நியாயப்பிரமாண அடையாளங்களே அவர் கண்முன் முதலில் நிற்கின்றன. ஆனால் அவர் மறுப்பது அவற்றை மட்டுமே என்று சுருக்கிவிடவும் கூடாது, ஏனெனில் எபேசியர் 2:9-இல், ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு எந்தக் கிரியையும் இரட்சிப்புக்குக் காரணமல்ல என்று பொதுவாகவே சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தப் "பெருமைபாராட்டுதல்" என்ற சொல்லில் சற்று நில்லுங்கள். ஆலயத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் இறக்கையில் உபயம் இன்னார் என்று பெயர் எழுதிவைக்கும் வழக்கம் நமக்கு அந்நியமானதல்ல. கூட்டம் நடக்கும் இடத்திலேயே அப்படி ஒன்று தலைக்குமேல் சுழன்றுகொண்டிருக்கலாம். யாரையும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை, எல்லோரும் தாங்களாகவே மேலே பார்ப்பார்கள். எபேசியர் 2-இன் எட்டாம் ஒன்பதாம் வசனங்களோடு நிறுத்திவிடாமல், நாம் நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டோம் என்று சொல்லும் பத்தாம் வசனத்தையும் கட்டாயமாக வாசியுங்கள். மனப்பாட வசனமாக எபேசியர் 2:8–9 மட்டும் கற்பிக்கப்படுவதால், பத்தாம் வசனத்தைப் பலர் வேறொரு நிருபத்து வசனம் போலக் கேட்கிறார்கள்.

பிறகு யாக்கோபு. இரண்டாம் அதிகாரத்தை 14-ஆம் வசனத்திலிருந்து தொடங்குவதே நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. முதல் வசனத்திலிருந்து வாசித்தால், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் கந்தையணிந்த ஏழைக்குத் தரையும் கொடுக்கும் ஒரு சபையிடம் அவர் பேசுகிறார் என்பது தெரியும். ஐந்தாம் அதிகாரத்தின் நான்காம் வசனம் வரை போனால், வயலை அறுத்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட நிலக்காரர்கள் வருகிறார்கள். அங்கே யாரும் விருத்தசேதனத்தைப் பற்றி விவாதிக்கவில்லை. உடையும் ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று வாயால் மட்டும் வாழ்த்தி அனுப்புகிறவர்களையே அவர் கேட்கிறார். 14-ஆம் வசனத்தில் "விசுவாசமுண்டென்று சொல்லியும்" என்பதில் "சொல்லியும்" என்ற சொல்லையும், "அந்த விசுவாசம் அவனை இரட்சிக்குமா?" என்பதில் "அந்த" என்ற சுட்டையும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். விசுவாசம் இரட்சிக்குமா என்பதல்ல அவருடைய கேள்வி, அந்த வகையான விசுவாசம் இரட்சிக்குமா என்பதே. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்ற 19-ஆம் வசனம் அதற்குப் பதில்.

ஆபிரகாமின் வயதை எழுதுங்கள்

மூன்றாம் வாரத்துக்கு ஒரு நீண்ட தாளும் பேனாவும் போதும். இருவரும் ஆதியாகமம் 15:6-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் ஆபிரகாமின் வாழ்க்கையில் வெவ்வேறு நாட்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்கிறார்கள். ஒரு கோடு வரைந்து, ஆதியாகமம் 16:16-இன்படி இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு 86 வயது என்றும், 17:24-இன்படி விருத்தசேதனம் பெற்றபோது 99 என்றும், 21:5-இன்படி ஈசாக்கு பிறந்தபோது 100 என்றும் குறியுங்கள். அவர் கர்த்தரை விசுவாசித்து, அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்ட 15-ஆம் அதிகாரம் 86-க்கு முன்னால் வருகிறது. ஆகவே விருத்தசேதனத்துக்குக் குறைந்தது 13 ஆண்டுகளுக்கு முன்பே அவர் நீதிமானாக எண்ணப்பட்டுவிட்டார். ரோமர் 4:10-இல் பவுலின் வாதம் முழுவதும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது.

யாக்கோபு கோட்டின் மறுமுனையில் நிற்கிறார். அவர் காட்டும், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்ற மோரியா மலைச் சம்பவம் ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்போது ஈசாக்கு விறகைச் சுமந்து மலையேறும் வயதை எட்டியிருந்தான். பல ஆண்டுகளுக்கு முன்பு எண்ணப்பட்ட அந்த நீதி இப்போது பலிபீடத்தருகே "நிறைவேறிற்று" என்கிறார் யாக்கோபு. கிரியைகளினாலே விசுவாசம் பூரணப்பட்டது என்பது யாக்கோபு 2:22. முதல் வாரத்தில் எழுதிவைத்த கிரேக்க வினையின் இரு பொருள்களையும் இங்கே எடுத்து, ஆபிரகாம் எந்த ஆண்டில் நீதிமானானார் என்று கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். நான் பவுலின் முனையிலேயே அதிகம் நிற்பவன். ஆனாலும் 15-ஆம் அதிகாரத்துக்குப் பிறகு மலையே இல்லாத ஓர் ஆபிரகாமைப் பவுலும் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. கலாத்தியர் 5:6-இல் அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம் என்று எழுதியவர் அவரே. நேரம் இருந்தால் யாக்கோபு 2:25-இல் வரும் ராகாபையும் பார்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

சபைகள் எப்படி வாசித்தன?

நான்காம் வாரத்தில் வரலாற்றுக்கு இருபது நிமிடத்துக்குமேல் வேண்டாம், ஆனால் அதில் நேர்மை வேண்டும். மார்ட்டின் லூத்தர் 1522-இல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் 3:28-இல் மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்ற சொல்லைச் சேர்த்தார். யாக்கோபின் நிருபத்தை மற்றவற்றோடு ஒப்பிட்டு வைக்கோல் நிருபம் என்றார். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே ஆண்டில் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் செயல்படுவது, நன்மை செய்யவேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே அதைச் செய்து முடித்திருப்பது என்று அவர் எழுதியதைச் சிலரே சொல்கிறார்கள். மறுபுறம், கத்தோலிக்கர் கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று போதிப்பதாகச் சிலர் சொல்வதும் சரியல்ல. 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட விதிகளில் முதலாவதே, கிருபையின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் நீதிமானாக முடியும் என்பவரைக் கண்டிக்கிறது. அச்சங்கத்துக்கு அதே ஆண்டில் மறுப்பு எழுதிய சீர்திருத்தவாதி கால்வினும், விசுவாசம் ஒன்றே நீதிமானாக்குகிறது என்றாலும் அப்படி நீதிமானாக்கும் விசுவாசம் தனியாக இருப்பதில்லை என்றார்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. தகுதியினால் அல்ல, கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்றும், அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களைப் பரிசுத்த ஆவியானவர் நற்கிரியைகளுக்கு அழைக்கிறார் என்றும் இரு தரப்பும் சேர்ந்து சொல்லின. மெதடிஸ்டு சபைகள் 2006-இலும் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு 2017-இலும் அதில் இணைந்தன. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டதாகச் சொல்லிவிடாதீர்கள். நற்செயல்களுக்குப் பலன் உண்டு என்ற போதனையை இரு தரப்பும் இன்றும் ஒரே விதமாகப் பேசுவதில்லை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளோ இந்தக் கேள்வியையே வேறு விதமாக, தேவனோடு மனிதன் உடனுழைப்பது என்ற நோக்கில், கேட்டுவந்திருக்கின்றன.

கடைசியில் யாராவது சிலுவையில் தொங்கிய கள்வனைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்: அவன் என்ன கிரியை செய்தான்? மேலே இருந்த எல்லா விவாதத்தையும் இந்த ஒரே மனிதன் முடித்துவைப்பதாக அந்தக் கேள்வி தோன்றும். அப்போது லூக்கா 23:39–43-ஐ எல்லோரும் சேர்ந்து மெதுவாக வாசியுங்கள். அவன் மற்றவனைக் கடிந்துகொள்கிறான். தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறான். சீஷர்கள் ஓடிவிட்ட நேரத்தில் இயேசு தகாததொன்றையும் செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சாட்சி சொல்கிறான். அதன் பிறகே, என்னை நினைத்தருளும் என்று கேட்கிறான். கைகால்கள் ஆணியடிக்கப்பட்டிருந்த ஒருவனுக்கு நாவு மாத்திரமே மிச்சமிருந்தது. அவன் பேசிய அந்த வார்த்தைகளை விசுவாசம் என்பீர்களா, செயல் என்பீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை ஆபிரகாமின் கோடு வரைந்த தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.