சொன்ன சொல் கிளையன்ட்டுடையது: கோச்சுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் தன் இலக்கைத் தானே அடையப் பேச்சின் வழியாகத் துணைநிற்பதுதான் கோச்சிங்; அவரைக் கிளையன்ட் என்பார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் பொறுமையாகக் கேட்கவும் நல்ல கேள்வி எழுப்பவும் பயின்றுதான் வருகிறார்கள். பெரும்பாலும் சறுக்குவது அடுத்த கட்டத்தில். ஓர் அமர்வில் ஒப்புக்கொண்டதைக் கிளையன்ட் அடுத்த அமர்வுக்குள் செய்தாரா, இல்லையா என்ற இடம் வந்ததும் கோச் மேலதிகாரியாகிவிடுகிறார். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுகிறார்.

செய்ய வேண்டிய பட்டியலைக் கோச்சே எழுதிக் கொடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கிளையன்ட் தலையாட்டுவார், அது பெரும்பாலும் மரியாதைக்காக. கோச்சுகளுக்கான உலக அமைப்பான ஐ.சி.எஃப் 2019இல் திருத்தி வெளியிட்ட எட்டு அடிப்படைத் திறன்களில் கடைசித் திறன் இதைப் பற்றியே பேசுகிறது. இலக்கு, செயல், அதைச் செய்தாரா என்று கணக்குச் சொல்லும் முறை மூன்றையும் கிளையன்ட்டோடு சேர்ந்தே வகுக்க வேண்டும். அவருடைய சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்கிறது. கணக்குச் சொல்லும் முறையைக்கூட அவரே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நேரத்தைப் பங்கிடுவதிலும் ஒரு கோளாறு உண்டு. ஜான் விட்மோர் 1990களில் பரவலாக்கிய 'குரோ' முறையில் நான்கு படிகள்: இலக்கு, இன்றைய நிலை, வழிகள், செய்யப்போவது. முதல் மூன்றிலேயே நேரம் கரைந்துபோய், நான்காவது படிக்கு வாசலில் விடைபெறும் நேரம்தான் மிஞ்சுகிறது. வேலையைத் தொடர்ந்து தாமதமாக முடிக்கும் ஊழியரிடம் பேசத் தயங்கும் ஒரு மேலாளரை எடுத்துக்கொள்வோம். "இந்த வாரம் பேசிவிடுகிறேன்" என்று அவர் சொன்னதும் கோச் மகிழ்ந்து அமர்வை முடித்துவிட்டால், அந்தப் பேச்சு நடக்கப்போவதில்லை. எப்போது, எங்கே, எப்படி என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் எண்ணியதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "புதன்கிழமைக் கூட்டம் முடிந்ததும் அவரை என் அறைக்கு அழைத்து, கடைசி இரண்டு அறிக்கைகளையும் எடுத்துவைத்துப் பேசுவேன்" என்று மேலாளர் வாயாலேயே வர வேண்டும். அன்று அந்த ஊழியர் விடுப்பில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுவதும் நல்லது.

இவ்வளவு செய்தும் மேலாளர் ஊழியரிடம் பேசாமலே அடுத்த அமர்வுக்கு வரலாம். கோச்சின் திறமை தெரிவது அப்போதுதான். கண்டிப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். "பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கடந்துபோவதும் அதே அளவு தவறு என்பது என் உறுதியான கருத்து. அவர் சொன்ன சொல்லுக்கு மதிப்பில்லை என்று கோச்சே சொல்லாமல் சொல்லிவிடுகிறார். "ஏன் செய்யவில்லை?" என்ற கேள்வியும் உதவாது; அதற்குச் சாக்குதான் பதிலாக வரும். "புதன்கிழமை கூட்டம் முடிந்த பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை அதிகம் என்பார். அழைக்க மறந்துவிட்டேன் என்பார். கொஞ்சம் பொறுத்தால் உண்மை வரும்: "அவரிடம்தான் சார் நான் இந்த வேலையையே கற்றுக்கொண்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை உட்காரவைத்து எப்படிக் கேள்வி கேட்பது?" முதல் அமர்வில் வெளிவராத முடிச்சு இது. இனி, மூத்தவர் ஒருவரின் மனம் நோகாமல், அதே சமயம் விஷயத்தை மழுப்பாமல் பேசுவது எப்படி என்பதுதான் அமர்வின் பொருள். செய்யாமல் விட்ட வேலை வழியாகத்தான் இந்த இடத்துக்கு வர முடிந்தது.

ஒரே செயல் அமர்வுக்கு அமர்வு தள்ளிப்போனால், அந்த இலக்கு இன்னும் அவருக்கு வேண்டுமா என்று நேராகக் கேட்கலாம். வேண்டாம் என்று தெளிந்து கைவிடுவதும் முன்னேற்றமே.

தினமும் வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவது, கிளையன்ட்டே கேட்டாலொழிய, வேண்டாம். கோச்சிங் முடிந்த மறுநாள் அந்தச் செய்தி வராதல்லவா?

கட்டணத்தை நிறுவனம் செலுத்தும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. மனிதவளத் துறையினர் நல்லெண்ணத்தோடுதான் "எப்படிப் போகிறது?" என்று கேட்பார்கள். அங்கே தவறும் ஒரு வார்த்தை கிளையன்ட்டின் நம்பிக்கையைக் குலைத்துவிடும். எந்தத் தகவல் யாருக்குப் போகும் என்பதை முதல் அமர்வுக்கு முன்பே மூன்று தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னேற்றத்தைக் கிளையன்ட்டே தன் மேலதிகாரியிடம் சொல்வதும், கோச் உடன் இருப்பதும் நான் பரிந்துரைக்கும் வழி.

கடைசியாக, மிகவும் கவனம் தேவைப்படும் ஒன்று. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒருவர் சொல்லும்போது, செய்யாத வேலைகளுக்கு அவரிடம் கணக்குக் கேட்பது அவரை இன்னும் நோகடிக்கும். மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கும்படி தயங்காமல் சொல்ல வேண்டும். கோச்சிங்கை அதுவரை நிறுத்திவைப்பதா, தொடர்வதா என்பதையும் அதே அமர்வில் அவரோடு பேசி முடிவு செய்துவிட வேண்டும்.