வன்னிக்குப் போகிறவர்கள் கைபேசியில் செய்துகொள்ள வேண்டியவை

கண்டி வீதியால் ஓமந்தையைத் தாண்டி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளிநொச்சிக்குப் போக யாருக்கும் வழி சொல்லத் தேவையில்லை. மாங்குளத்திலோ பரந்தனிலோ முல்லைத்தீவுப் பக்கம் திரும்பிய பிறகுதான் சிக்கல்.

வைஃபை உள்ள இடத்திலேயே வட மாகாண வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்துவிடுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை. 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் நான்கின் சிக்னல் கிடைத்தாலே நிற்கும் இடத்தைக் கைபேசி கணித்துவிடும். வரைபடத்துக்குத்தான் டேட்டா வேண்டும். கவரேஜ் இல்லாத இடத்தில் முதல் புள்ளி விழச் சற்றுத் தாமதமாகும். மர நிழலை விட்டு வெளியில் வந்து பொறுத்திருங்கள்.

விலாசம் இன்னொரு தலையிடி. எங்கள் ஆட்கள் 155ஆம் கட்டை, முத்தையன்கட்டு இடதுகரை, வலதுகரை என்று வீதியோர மைல்கட்டையையும் குளத்தையும் வைத்துத்தான் இடம் சொல்வார்கள். புதுக்குடியிருப்பு என்று தேடினால் மட்டக்களப்பிலும் ஒன்று இருக்கிறது. அதனால் உறவினரைப் படலையடியில் நின்று லொக்கேஷன் அனுப்பச் சொல்லுங்கள். சந்தியில் நின்று அனுப்பினால் பிரயோசனமில்லை. அந்த லொக்கேஷனின் அகலாங்கு, நெட்டாங்கு எண்களைக் கொப்பியிலும் எழுதிக்கொள்ளுங்கள். வன்னியில் முதல் எண் 8 அல்லது 9இல் தொடங்கும், அடுத்தது பெரும்பாலும் 80. புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கத்தில் ஒன்று கூடிக் குறைந்தாலும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விடுவீர்கள்.

ஒரு மார்கழியில் ஒட்டுசுட்டான் பக்கம் கைபேசி எனக்கு ஒரு கிரவல் பாதையைக் குறுக்கு வழியாகக் காட்டியது. தண்ணீர் வாங்கப் பெட்டிக்கடையில் இறங்கினேன். கடைக்கார ஐயா என் கைபேசியை எட்டியும் பார்க்கவில்லை. "தம்பி, அதால போகாதேங்கோ, குளம் வான் பாயுது" என்றார். குளம் நிரம்பி வழிகிறதாம். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பாதையால் வந்த உழவு இயந்திரத்தின் பெரிய சில்லில் பாதிக்கு மேல் ஈரச் சேறு. எங்கள் வாடகைக் கார் நடுவழியில் நின்றிருக்கும். மாரியில் ஒவ்வொரு சந்தியிலும் இறங்கிக் கேளுங்கள். பொழுதுபட்டால் காட்டுப் பாதையே வேண்டாம், யானை வரும்.

பழைய வளவைத் தேடிப் போகிறவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். வீடு இருக்காது, வேலி இருக்காது, பற்றைக்குள் கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியிருக்கலாம். கைபேசி "இன்னும் 60 மீற்றர்" என்று காட்டும். அதை நம்பி இறங்காதீர்கள். மிதிவெடி அகற்றி முடியாத நிலம் இன்னமும் இருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை விழுந்தும் கிடக்கலாம். கிராம அலுவலரிடம் கேட்டு, ஊரவர் ஒருவரை முன்னே விட்டு, அவர் நடந்த தடத்தில் நடவுங்கள்.

கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தால் கைபேசியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்து, நீலப் புள்ளி அசையாமல் நிற்கும்வரை பொறுத்துச் சேமியுங்கள். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் சகோதரங்களுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ஆனால் அந்தப் புள்ளியை வைத்துப் பக்கத்து வளவுக்காரரோடு எல்லை பேசாதீர்கள். திறந்த வெளியிலேயே கைபேசி ஐந்து மீற்றர் வரை பிழையாகக் காட்டும். எல்லைக்குக் காணி உறுதியையோ காணி பெர்மிட்டையோ எடுத்துக்கொண்டு நில அளவையாளரிடம் போங்கள்.