தில்லியின் முதல் ஐப்பசிக்கு முன்

நம் ஊரில் ஐப்பசி என்றால் அடைமழை. தில்லியில் அதே மாதத்தில் வானம் சாம்பல் பூத்துக் கிடக்கும், தொண்டை கரகரக்கும். வந்த முதல் ஆண்டு அதைச் சாதாரண ஜலதோஷம் என்றெண்ணி, மிளகு ரசத்தை மட்டுமே நம்பி மூன்று வாரம் இருமினேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

குளிர் தொடங்கும்போது காற்றின் வேகம் குறைகிறது. வாகனப் புகையும், அண்டை மாநிலங்களில் வைக்கோல் எரிக்கும் புகையும் மேலே எழும்ப வழியின்றித் தரையோடு தங்கிவிடுகின்றன. அது மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அதன்மேல் வறண்ட குளிர்காற்று மூக்கின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுவதால், கிருமியைத் தடுக்கும் முதல் காவலே பலவீனமாகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 300ஐத் தாண்டிய நாளில் காலை நடை வேண்டாம். வெளியே போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் அணியுங்கள்.

அதற்கு முன்பே, மழை ஓயும் செப்டம்பரிலிருந்து டெங்கு தலைதூக்கும். இங்கே நாம் ஏமாறுவது ஏர் கூலரில்தான். கோடையில் வாங்கிய கூலரை மழை வந்ததும் மறந்துவிடுகிறோம். அதன் தொட்டியில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டைகள் சுவரில் ஒட்டியிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். அந்த மாதங்களில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடாது. பாராசிட்டமால் போதும், உடனே மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மார்கழி, தை மாதக் குளிரில் சிலர் அறைக்குள் 'அங்கீட்டி' என்னும் கரியடுப்பை மூட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பின்பனிக் காலம் என்று பள்ளியில் படித்ததை இங்கேதான் நேரில் பார்ப்பீர்கள். பகல் வெயிலைப் பார்த்து ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டால் இரவுக் குளிர் பிடித்துக்கொள்ளும். ஃப்ளூ காய்ச்சல் வட இந்தியாவில் மழைக்காலத்தில் ஒருமுறையும், ஜனவரி முதல் மார்ச் வரை மறுமுறையும் பரவுகிறது. ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைப்பதானால் ஐப்பசி முதல் தை வரை தவிர்த்து, மாசிப் பாதிக்குமேல் வரச் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசி பலன் தர இரண்டு வாரம் ஆகும் என்பதால், மருத்துவரைக் கேட்டு ஊரிலேயே போட்டுக்கொண்டு வரட்டும். குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யானில் அப்போது ரோஜாக்கள் பூத்திருக்கும். ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள்.