மாரி பிறக்குமுன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சிரமதானம்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் மழை ஊற்றுவது நவம்பர் முதல் ஜனவரி வரை. டிசம்பர் விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தில் கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலி அடைத்து ஒழுகுவதையோ நுளம்பு பெருகுவதையோ எவரும் காண்பதில்லை. அயலவர்கள் கூலியில்லாமல் கூடிக் கைகொடுக்கும் சிரமதானத்துக்கு உகந்த காலம் செப்டெம்பர் கடைசி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை ஊர்களில் பெரும்போக (மாரிகால) நெல் விதைப்புத் தொடங்கிவிட்டால் ஆள் பிடிப்பது கஷ்டம்.

இரண்டு கிழமைக்கு முன்னரே அதிபரோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரோடும் வளவைச் சுற்றிப் பாருங்கள். எந்த வேலைக்கு எத்தனை பேர், என்னென்ன சாமான் என்று அங்கேயே எழுதுங்கள். அறுபது பேர் வந்து மண்வெட்டி ஐந்துதான் இருந்தால், பத்து மணிக்குள் பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிறிய ஆரம்பப் பாடசாலைக்கு 25 பேர் தாராளம். காசு சேர்ப்பதைவிடப் பொருளாகக் கொடுப்பது நல்லது. காசுதான் என்றால் சங்கத்தின் பற்றுச்சீட்டோடு கொடுங்கள். குப்பை ஏற்ற உழவு இயந்திரம் வேண்டுமென்று பிரதேச சபைக்கு அப்போதே கடிதம் கொடுத்துவிடுங்கள். அள்ளிக் குவித்ததை ஏற்றாமல் விட்டால், முதல் மழையே அதைத் திரும்ப வடிகானுக்குள் தள்ளிவிடும்.

வேலையை மேலிருந்து கீழே செய்யுங்கள்: கூரை, பீலி, பிறகு வடிகான், கடைசியில் நிலம். அஸ்பெஸ்டஸ் தகட்டில் ஏறவே கூடாது. ஆள் பாரத்துக்கு உடையும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஏணி 4 மீற்றர் உயரத்தில் சாய்ந்தால் அதன் கால் சுவரிலிருந்து 1 மீற்றர் தள்ளி இருக்கட்டும், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். பீலியின் சரிவு 10 மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர் போதும். துப்புரவாக்கியதும் மேட்டுப்பக்கம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நடுவில் தேங்கினால் அந்த இடத்தில் பீலியைப் பிடிக்கும் இரும்புத் தாங்கி இறங்கியிருக்கிறது. அதை உயர்த்திப் பூட்ட வேண்டும்.

தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு முழுநாள் வேண்டும், ஆகவே சனி, ஞாயிறில் வேலை என்றால் அதைச் சனி காலையே தொடங்குங்கள். வடித்து, சவர்க்காரம் போடாமல் தும்புத்தடியால் தேய்த்து, சேற்றை வெளியேற்றுங்கள். 1,000 லீற்றர் தாங்கியை நிரப்பி, 5 சதவீதக் குளோரின் திரவம் 1 லீற்றர் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடுங்கள். இல்லாவிட்டால் குழாய்க்குள் இருக்கும் அழுக்கு அப்படியே நிற்கும். 24 மணித்தியாலம் விட்டு வடித்து, ஒருமுறை அலசி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். வடிக்கும் தண்ணீர் கிணற்றடிக்கோ பாத்திக்கோ போகக் கூடாது. ஞாயிறு காலை அறநெறி வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடமானால், சனி பின்னேரமே குழாய்களைச் சாக்கால் கட்டிவிடுங்கள். பிள்ளைகள் வந்ததும் குழாயைத்தான் தேடுவார்கள்.

மலசலகூடத்தில் அசிட்டும் குளோரினும் ஒன்றாகச் சேரவே கூடாது. எழும் நச்சு வாயு ஆளை மயக்கிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும்.

கிணற்றுக்கு மருந்து போடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அவருக்குத் தண்ணீரின் அளவு தெரிய வேண்டும். விட்டம் 1.5 மீற்றர், தண்ணீர் ஆழம் 2 மீற்றர் என்றால் 3.14 × 0.75 × 0.75 × 2, அதாவது ஏறத்தாழ 3.5 கன மீற்றர், 3,500 லீற்றர். வெள்ளம் வந்தால் ஊர்ச்சனம் தங்குவதும் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான். அந்நேரம் இந்தக் கிணறும் மலசலகூடமும்தான் கைகொடுக்கும்.

ஒருநாள் சிரமதானத்தோடு நுளம்பு ஒழியாது. முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சிரட்டை, யோகட் கோப்பை, டயர், பூச்சாடித் தட்டு, மரப்பொந்து எல்லாம் தேடுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். அதில் ஒட்டிய முட்டை காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். விடுமுறையில் எல்லாரும் மறப்பது மலசலகூடச் சிஸ்டனை, அதாவது தண்ணீர் பாய்ச்சும் தொட்டியை. கிழமைக்கு ஒருமுறை அதன் தண்ணீரைப் பாயவிடுங்கள்.

விடுமுறைக்கு நான்கு வீட்டார் முறை வைத்துக்கொள்ளுங்கள். திறப்பை அதிபரிடம் கையெழுத்திட்டு எடுங்கள். பார்த்த திகதி, கண்டது, செய்தது மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த வீட்டாரிடம் கொப்பியையும் திறப்பையும் ஒன்றாகக் கொடுங்கள்.