ஒகேனக்கல் பஸ் டூரில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் கூடுதலாக ஊர் பார்ப்பது எப்படி?

எனக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி, வேலை சென்னையில். அலுவலக நண்பர்களோடு சேர்ந்து, என் ஊர்ப் பக்கத்துக்கே டூர் பஸ்ஸில் டிக்கெட் போட்டு வந்தபோதுதான் ஒன்று புரிந்தது. இந்த டூர்களில் ஓய்வு நேரம் நிறையவே கிடைக்கிறது. பாதிப் பேர் அதை ஓட்டல் வாசலில் டீ குடித்தே கழித்துவிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதல்முறை குழுவாக வருகிறவர்கள் அந்த நேரத்தில் என்ன பார்க்கலாம், பஸ்ஸைத் தவறவிடாமல் எப்படிப் பார்க்கலாம் என்பதற்கான குறிப்பு இது. டிக்கெட் எடுப்பது, பை கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

வழக்கமான திட்டம் இப்படி இருக்கும். சென்னையிலிருந்து இரவு கிளம்பி, காலையில் தருமபுரியில் குளியல், டிபன். பிறகு ஒகேனக்கல். இரவு தங்கல் தருமபுரியில். மறுநாள் அதியமான்கோட்டை காலபைரவர் கோயில், கிருஷ்ணகிரி அணை, திரும்பும் பயணம். உங்கள் டூரில் வரிசை மாறலாம், செய்முறை மாறாது.

படி 1: நிஜமாக எவ்வளவு நேரம் இருக்கிறது?

நிகழ்ச்சி நிரலை ஒரு தாளில் எழுதி, வெற்று நேரங்களை வட்டமிடுங்கள். மொபைல் செயலிகளைவிட எனக்குத் தாள்தான் வசதி, ஈரக் கையிலும் பார்க்கலாம். "இரண்டு மணி நேரம் ஃப்ரீ" என்று சொன்னால் பஸ்ஸுக்கு முன்கூட்டி வர கால் மணி நேரத்தைக் கழியுங்கள். பிறகு போக, வர ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். அது மொத்த ஓய்வில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இந்தக் கணக்குப்படி தீர்த்தமலையும் வத்தல்மலையும் ஆரம்பத்திலேயே அடிபட்டுவிடும். தீர்த்தமலை அரூரையும் தாண்டி இருக்கிறது. வத்தல்மலைக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். இரண்டுமே தனிப் பயணமாக வர வேண்டிய இடங்கள்.

படி 2: அது எந்த நேரத்து ஓய்வு?

பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டூர் நடத்துகிறவர்கள் ஓய்வு கொடுப்பது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. நம் பக்கத்தில் பெரும்பாலான கோயில்கள் மதியம் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். இணையத்தில் "தருமபுரியில் பார்க்க வேண்டிய இடங்கள்" என்று தேடினால் வரும் பட்டியலில் முக்கால்வாசி கோயில். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: கையில் இரண்டு மணி நேரம் இருக்கும், எதிரே பூட்டிய கதவு இருக்கும், தலைக்கு மேல் வெயில் கொளுத்தும்.

ஆகவே கோயில்களுக்கு டிபனுக்கு முந்தைய காலை நேரம். நிரலில் அதை யாரும் ஓய்வு என்று எழுத மாட்டார்கள், ஆனால் இருப்பதிலேயே நல்ல ஓய்வு அதுதான். டிபன் 8 மணிக்கு என்றால் 6 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். நடை திறக்கும் நேரத்தை முந்தைய இரவே ஓட்டல் வரவேற்பில் கேட்டு வையுங்கள். மதிய ஓய்வு அருங்காட்சியகத்துக்கு, மாலை ஓய்வு கடைத்தெருவுக்கு.

தருமபுரியில் தங்கினால் அந்தக் காலை நேரத்தைக் கோட்டைக் கோயிலுக்குக் கொடுங்கள். நகருக்குள்ளேயே இருக்கிறது. மல்லிகார்ஜுனேசுவரர் சன்னதியின் முன்மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தூண்களைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அடியில் தாளை நுழைத்து மறுபக்கம் எடுப்பது இங்கே வழக்கமான வேடிக்கை. அதைப் பார்த்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். பக்கத்தில் கல்யாண காமாட்சி அம்மன் சன்னதி இருக்கிறது. அதன் அடித்தளத்தைச் சுற்றிக் குனிந்தபடி நடந்து பாருங்கள். ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடும். தகடூர் என்று பேர் இருந்த காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட நுளம்பர்களின் வேலைப்பாடு அது. தூணுக்குப் பத்து நிமிடம் போதும், இதற்கு அரை மணி நேரமாவது வேண்டும்.

படி 3: பட்டியலில் உள்ள இடத்தின் பக்கத்துத் தெரு

வண்டிச் செலவே இல்லாத வழி இது. பஸ் நிற்கப்போகும் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் பெரிதாக்கி, சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அதியமான்கோட்டையை எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் சுமார் 7 கிலோமீட்டர். டூர் பஸ் காலபைரவர் கோயிலில் நிற்கும், தரிசனம் முடிந்ததும் கிளம்பும். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. மண்டபத்தின் விதானம் முழுக்கப் பழைய ஓவியங்கள், இதிகாசக் கதைகள். என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். பூட்டியிருந்தால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள், யாரிடம் சாவி இருக்கிறது என்று சொல்வார்கள். அதியமானுக்கும் ஒளவையாருக்கும் எழுப்பிய அதியமான் கோட்டமும் இங்கேயேதான். நெல்லிக்கனிக் கதையைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் கூட வந்தால் கண்டிப்பாகக் காட்டுங்கள்.

கிருஷ்ணகிரியிலும் இப்படித்தான். அணையில் ஒன்றரை மணி நேரம் விடுவார்கள். 1950களில் காமராசர் ஆட்சியில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய அணை, பூங்கா, வறுத்த மீன், அவ்வளவுதான். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் நகரத்துக்குள் ஓடலாமா என்று தோன்றும். அணையிலிருந்து நகரம் சுமார் 7 கிலோமீட்டர், படி 1 கணக்கைப் போட்டால் இடிக்கும். மாறாக, மதியச் சாப்பாட்டுக்கு பஸ் நகருக்குள் நின்றால் காந்தி சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். நகரத்தை ஒட்டி நிற்கும் கோட்டை மலையைப் பார்த்ததும் ஏறத் தோன்றும். மதிய வெயிலில் சூடேறிய பாறையில் வேண்டாம்.

படி 4: டூர் மேனேஜரிடம் பேசுவது

"கொஞ்சம் வெளியில போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவர் கவலை அவருக்கு. எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவேன், வராவிட்டால் என்ன என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொன்னது இது: "அண்ணா, கோட்டைக் கோயிலுக்குப் போறேன், ஏழே முக்காலுக்கு டிபனுக்கு வந்துடுவேன். லேட்டானா எனக்காக நிக்க வேணாம், நானே கிருஷ்ணகிரி பஸ் பிடிச்சு அணைக்கு வந்து சேர்ந்துக்கறேன்." அவர் மறுபேச்சில்லாமல், "நம்பர் மட்டும் குடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார்.

கடைசி வாக்கியம்தான் அவரை இளக வைத்தது. தருமபுரி பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி வழியாகப் போகும் பஸ்களுக்குப் பஞ்சமில்லை, ஆகவே அது வெறும் பேச்சும் அல்ல. ஒகேனக்கல்லில் இந்தத் தைரியம் வேண்டாம். அங்கிருந்து தருமபுரி சுமார் 46 கிலோமீட்டர், பென்னாகரம் வரை மலைப்பாதை.

போக வர ஒரே ஆட்டோவாகப் பேசுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து. "போய், அரை மணி நேரம் நின்னு, திரும்பி இங்கயே விடணும், மொத்தம் எவ்வளவு?" என்று ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். செயலியில் வண்டி வரும் என்று நம்பி உட்காருவதைவிட ஸ்டாண்டு ஆட்டோவே மேல்.

படி 5: ஒகேனக்கல்லுக்குள்ளேயே நேரம் பிடிப்பது

இங்கே வெளியே ஓட வேண்டாம், வரிசையை மாற்றினாலே போதும். இறங்கியதும் எல்லோரும் பரிசல் துறைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் முதலில் மீனை வாங்கி, சமைத்துத் தரும் அக்காக்களிடம் கொடுத்து, எத்தனை மணிக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் பரிசல், எண்ணெய் மசாஜ், குளியல். வந்து உட்கார்ந்தால் சாப்பாடு தயார். இப்படி மிச்சமாகும் நேரத்தில் தொங்கு பாலத்துக்கும் வனத்துறையின் முதலைப் பண்ணைக்கும் போகலாம். மலைப்பாதை இறங்கியதுமே மொபைல் சிக்னல் தடுமாறும், ஆகவே வரைபடத்தைத் தருமபுரியிலேயே தரவிறக்கி வையுங்கள். கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். பரிசலில் மொபைலை வெளியே எடுக்காமல் நேரம் பார்க்க அதுதான் வழி.

பஸ்ஸே வழியை விட்டு விலகிப் போக வேண்டிய இடங்கள் வேறு வகை. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பும் கனவோடு அங்கே வாழ்ந்து 1925இல் அங்கேயே மறைந்தார். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி 1878இல் பிறந்த வீடு. இவற்றை வழியில் கேட்டால் ஓட்டுநர் முறைப்பார். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, நாலைந்து பேர் சேர்ந்து போன் செய்து கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: அருங்காட்சியகம் பூட்டியிருந்ததாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. அரசு ஊழியர்கள் டூர் போடுவதே இரண்டாம் சனிக்கிழமையில்தானே! தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: தேய்பிறை அஷ்டமியன்று காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கேற்ற பெருங்கூட்டம் வரும். அன்று தரிசன வரிசையிலேயே உங்கள் ஓய்வு நேரம் முழுக்கப் போய்விடும், பக்கத்துத் தெருத் திட்டத்தை மறந்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 3: பரிசலுக்குத் தடை வந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து காவிரியில் வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இது சகஜம். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று முந்தைய நாளே செய்தியில் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் மேனேஜரிடம் அன்றைக்கே பேசி, ஒகேனக்கல்லில் மிச்சமாகும் நேரத்தை அதியமான்கோட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். காலையில் பஸ் பென்னாகரம் தாண்டிய பிறகு சொன்னால் நடக்காது.